யார்க் கவுண்டி 1871: மறுகட்டமைப்புக் காலம் ஒரு கிராமப்புறத்தில் எப்படித் தோற்கடிக்கப்பட்டது

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்தது, அடிமை முறை ஒழிந்தது, அப்புறம் நூறு வருடம் கழித்து மார்ட்டின் லூதர் கிங் வந்தார் என்ற அளவில்தான் நம்மில் பலருக்கு அந்த வரலாறு தெரியும். நடுவில் 1865 முதல் 1877 வரை, மறுகட்டமைப்புக் காலம் என்று ஒன்று இருக்கிறது. முந்தாநாள் வரை அடிமைகளாக இருந்தவர்கள் ஓட்டுப் போட்டார்கள், சட்டமன்றத்தில் உட்கார்ந்தார்கள், ஜூரியில் இருந்து வெள்ளையரின் வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். பிறகு அத்தனையும் பறிபோனது. ஏன் என்று கேட்டால் வடக்கு மாநிலங்கள் களைத்துப்போயின, புதிய அரசுகளில் ஊழல் மலிந்தது, காலம் கனியவில்லை என்றெல்லாம் பதில் சொல்வார்கள். வாஷிங்டனில் உட்கார்ந்து பார்த்தால் அப்படித் தெரியலாம். ஒரு கவுண்டிக்குள் இறங்கி, எந்த வீட்டுக்கு யார் எந்த இரவில் வந்தார்கள் என்று பார்த்தால் அந்தப் பதில்கள் நிற்காது. அங்கே அது அடித்துத் தோற்கடிக்கப்பட்டது, அதுவும் பெயர் தெரிந்த ஆட்களால். ஒருமுறை அரசு உண்மையாகவே கை வைத்தபோது அந்த ஆட்கள் சில வாரங்களில் சிதறி ஓடினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதனால்தான் இந்த ஒரு கவுண்டியை எடுத்துக்கொள்கிறேன்.

யார்க் கவுண்டி தென் கரோலினாவின் வடக்கு எல்லையில், வட கரோலினாவை ஒட்டி இருக்கிறது. கவுண்டி என்பதை நம்மூர் தாலுகா மாதிரி நினைத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கென்று தனி ஷெரிஃப், தனி நீதிமன்றம், தனி கருவூலம் எல்லாம் உண்டு, இது பின்னால் முக்கியமாகும். தலைநகரம் யார்க்வில், இன்று யார்க் என்கிறார்கள். பருத்தியும் சோளமும் விளையும் மேட்டு நிலம். கடலோரத்தில் இருந்த மாதிரி நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்திருந்த பெரிய பண்ணைகள் இங்கே குறைவு, நடுத்தரப் பண்ணைகளும் சிறு விவசாயிகளும்தான் அதிகம். 1870 கணக்கெடுப்பில் சுமார் 24,000 பேர், கறுப்பரும் வெள்ளையரும் ஏறக்குறைய சரிபாதி. இந்தச் சரிபாதிதான் பிரச்சினையின் மையம் என்று நினைக்கிறேன். கறுப்பர்கள் பெரும்பான்மையாக இருந்த கடலோரக் கவுண்டிகளில் மிரட்டித் தேர்தலை மாற்றுவது கடினம். யார்க் மாதிரி இடத்தில் சில நூறு பேரை ஓட்டுப் போடாமல் தடுத்தாலே முடிவு தலைகீழாகிவிடும்.

போர் முடிந்த கையோடு, 1865 டிசம்பரில், தென் கரோலினாவின் பழைய ஆட்கள் தங்களுக்கான சட்டங்களைப் போட்டுக்கொண்டார்கள். விடுதலை பெற்ற கறுப்பர் விவசாயக் கூலி அல்லது வீட்டு வேலை தவிர வேறு தொழில் செய்ய வேண்டுமானால் நீதிபதியிடம் உரிமம் வாங்க வேண்டும், அதற்கு வருடத்துக்கு 10 முதல் 100 டாலர் வரை கட்டணம். வேலை ஒப்பந்தத்தில் முதலாளியை எஜமான் என்றுதான் குறிக்க வேண்டும். அடிமை முறையின் பெயரை மட்டும் எடுத்துவிட்டு உள்ளதை உள்ளபடி வைத்துக்கொள்ளும் முயற்சி இது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இதைப் பொறுக்கவில்லை. 1867 மார்ச்சில் தென் மாநிலங்களை ராணுவ நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்து, கறுப்பின ஆண்களுக்கும் ஓட்டுரிமையோடு புதிய அரசியல் சட்டம் எழுதச் சொன்னது. 1868 ஜனவரியில் சார்ல்ஸ்டன் நகரில் கூடிய தென் கரோலினா மாநாட்டில் 124 பிரதிநிதிகள், அதில் 76 பேர் கறுப்பர்கள். அவர்கள் எழுதிய சட்டத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுப் பள்ளி இருந்தது, ஓட்டுப் போடச் சொத்து தேவையில்லை என்றிருந்தது. அந்த வருடமே மாநிலக் கீழவையில் கறுப்பர்கள் பெரும்பான்மையானார்கள்.

யார்க்வில் பெரியவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிக்க ஒரு விவரம் போதும். அமெரிக்காவிலிருந்து பிரிந்து போரிட்ட தென் மாநிலங்களின் அரசு, அதாவது தென்னரசு, தோற்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஜனாதிபதி ஜெஃபர்சன் டேவிஸ், 1865 ஏப்ரலில் இந்த ஊர் வழியாகப் போனபோது ஒரு இரவு தங்கியது டாக்டர் ரூஃபஸ் பிராட்டன் வீட்டில். பிராட்டன் தென்னரசுப் படையில் அறுவை மருத்துவராக இருந்தவர், கவுண்டியின் பழைய செல்வாக்கான குடும்பம், ஊரில் மரியாதைக்குரிய மனிதர். இவர் பெயர் மறுபடியும் வரும்.

கறுப்பர்களை மிரட்டி அடக்கவென்று முகமூடி போட்டு இரவில் திரிந்த வெள்ளையரின் ரகசிய அமைப்பான கூ க்ளக்ஸ் க்ளான் 1868-லேயே யார்க்கில் முளைத்துவிட்டது. ஆனால் அது முழு வேகத்தில் இறங்கியது 1870 அக்டோபர் தேர்தலுக்கு அப்புறம்தான். அந்தத் தேர்தலில் ஒஹாயோவிலிருந்து வந்த, அந்தக் காலத்தில் கறுப்பர்களின் உரிமைக்கு ஆதரவாக நின்ற குடியரசுக் கட்சியின் ஆளுநர் ராபர்ட் ஸ்காட் மறுபடியும் ஜெயித்தார். அதற்கு முன்பே அவர் மாநிலக் காவற்படை என்று ஒன்றை அமைத்துத் துப்பாக்கிகளையும் கொடுத்திருந்தார், அதில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பர்கள். நேற்றுவரை சவுக்கடிக்கு முதுகைக் காட்டிய ஆள் இன்று துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு ஊர் சாலையில் அணிவகுத்துப் போகிறான். வெள்ளையர் பலருக்கு ஓட்டைவிட இது தாங்கவில்லை. 1871 தொடக்கத்தில் சில பருத்தி ஆலைக் கொட்டகைகள் தீப்பற்றி எரிந்தன, அதைக் காட்டி "தற்காப்புக்காகத்தான் நாங்கள் கூடுகிறோம்" என்றார்கள். ஆனால் க்ளான் யார் வீட்டுக்குப் போனது என்று பார்த்தால் தீ வைத்தவர்களைத் தேடிப் போன மாதிரி இல்லை. ஓட்டுப் போட்டவர்கள், கட்சிக் கூட்டம் நடத்தியவர்கள், பள்ளி நடத்தியவர்கள், காவற்படையில் இருந்தவர்கள், கூலியைக் கேட்டு வாங்கியவர்கள், இவர்கள் வீட்டுக் கதவுகள்தான் உடைந்தன.

1870 டிசம்பரில் டாம் ரவுண்ட்ரீ என்பவர் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு அந்தக் குளிர்காலம் முழுக்க, கவுண்டியின் பல பகுதிகளில் கறுப்பின ஆண்கள் வீட்டில் தூங்கவே இல்லை. இருட்டியதும் போர்வையை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விடுவார்கள், சில வீடுகளில் பெண்களும் பிள்ளைகளும்கூட. மழையிலும் பனியிலும் மாதக்கணக்கில் அப்படி. வந்த கும்பல் வீட்டில் ஆண் இல்லை என்றால் மனைவியை அடிக்கும்.

பயந்துபோன ஆளுநர் ஸ்காட் சமாதானத்துக்காக மேட்டுப் பகுதியில் காவற்படையின் ஆயுதங்களைத் திரும்ப வாங்க ஆரம்பித்தார். அடிபடுகிறவர்களிடமிருந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டால் அடிக்கிறவர்கள் அமைதியாவார்கள் என்று எப்படி நம்பினாரோ, எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஜிம் வில்லியம்ஸ் கதை இங்கேதான் வருகிறது. ரெய்னி என்ற குடும்பத்துக்கு அடிமையாக இருந்தவர், அதனால் ஜிம் ரெய்னி என்றும் சொல்வார்கள். பிராட்டன்ஸ்வில் பக்கத்துக் காவற்படைக் குழுவுக்குத் தலைவர், தைரியசாலி. துப்பாக்கிகளை ஒப்படைக்க அவருக்கு மனமில்லை. வெள்ளையரைக் கொல்லப்போவதாக மிரட்டினார் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டிருந்தார்கள். 1871 மார்ச் 6 இரவு நாற்பது ஐம்பது பேர் ஓர் அணிவகுப்பு மைதானத்தில் கூடி, முகமூடி மாட்டிக்கொண்டு, குதிரையில் அவர் வீட்டுக்குப் போனார்கள். மனைவி ரோஸ் கதவைத் திறந்து அவர் இல்லை என்றார். தரைப் பலகையைப் பெயர்த்து, அடியில் ஒளிந்திருந்தவரை இழுத்து வெளியே கொண்டுபோனார்கள். கெஞ்சிய ரோஸிடம் பிள்ளைகளோடு போய்ப் படு என்றார்கள். மறுநாள் காலையில் அவர் ஒரு மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார், உடம்பில் ஒரு காகிதம்: "ஜிம் வில்லியம்ஸ், தன் பெரிய அணிவகுப்பில்." கயிறு கொண்டுபோனது டாக்டர் பிராட்டன் என்றும், காரியம் முடிந்து திரும்பும் வழியில் அவருடைய சகோதரர் வீட்டில் நின்று சாப்பிட்டுக் குடித்துவிட்டுப் போனார்கள் என்றும் பிறகு அதே கும்பலில் இருந்தவர்களே நீதிமன்றத்தில் சொன்னார்கள்.

முகமூடி போட்டிருந்தாலும் அது பெரிய மறைவில்லை. இத்தனை சின்ன இடத்தில் குரல் தெரியும், நடை தெரியும், இந்தக் குதிரை இன்னார் குதிரை என்று தெரியும். அடி வாங்கியவர்களில் பலர் அடித்தவனின் பெயரைச் சொன்னார்கள், ஏனென்றால் பகலில் அவன் வயலில்தான் அவர்கள் வேலை பார்த்தார்கள். புகார் கொடுக்கலாம் என்றால், விசாரிக்கும் உள்ளூர் நீதிபதி, வழக்கை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் பெரிய ஜூரி, எல்லா இடத்திலும் க்ளான் ஆட்கள். சாட்சி சொன்னவன் அன்றிரவே காட்டுக்கு ஓட வேண்டும். ஆக, சட்டப் புத்தகத்தில் உரிமை இருந்தது, அதைக் கேட்டு வாங்கும் கதவில் நின்றவனே இரவில் முகமூடி போட்டவன். மறுகட்டமைப்பு தோற்ற இடம் இதுதான் என்பது என் கருத்து. ஆளுநர் மாளிகையும் சட்டமன்றமும் குடியரசுக் கட்சியின் கையில் இருந்தும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

எலையஸ் ஹில்லைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். சிறு வயதில் வந்த நோயில் கை கால் சூம்பி, நடக்கவோ தானாகச் சாப்பிடவோ முடியாதவர். அப்பா பாடுபட்டுத் தன்னை விலைகொடுத்து விடுவித்துக்கொண்டு, அப்புறம் மனைவியையும் வாங்கினார். அடிமைகளின் உரிமையாளருக்கு இந்த முடமான பிள்ளை ஒரு சுமை, அதனால் தாயோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார். அப்படித்தான் எலையஸ் சுதந்திரமானார். பள்ளிக்குப் போன வெள்ளைப் பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டே எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். க்ளே ஹில் என்ற பகுதியில் பாப்டிஸ்ட் போதகர், ஆசிரியர், கறுப்பர்களுக்குக் கடிதமும் ஒப்பந்தமும் எழுதிக் கொடுப்பவர், குடியரசுக் கட்சி ஆதரவு அமைப்பான யூனியன் லீக்கின் உள்ளூர்த் தலைவர். 1871 மே மாதம் அவர் வீட்டுக்கு வந்தார்கள். முதலில் பக்கத்திலிருந்த அண்ணன் தம்பி வீட்டில் நுழைந்து அந்த வீட்டுப் பெண்ணை அடித்து இவர் எங்கே என்று கேட்டார்கள். பிறகு படுக்கையிலிருந்து இவரைத் தூக்கி முற்றத்தில் போட்டு, அசைய முடியாத அந்த மனிதரைக் குதிரைச் சவுக்கால் அடித்தார்கள். போதனையை நிறுத்த வேண்டும், வாங்கும் குடியரசுக் கட்சிப் பத்திரிகையை நிறுத்த வேண்டும், கட்சியைக் கைவிட்டதாகச் செய்தித்தாளில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று கட்டளைகள். போவதற்கு முன்னால் தங்களுக்காக ஜெபிக்கவும் சொன்னார்கள்.

செய்தித்தாள் அறிவிப்பு என்பது சாதாரண விஷயமில்லை. 'யார்க்வில் என்குவயரர்' பத்திரிகையில் அந்த மாதங்களில் கறுப்பர்கள் பெயரில் இப்படி அறிவிப்புகள் வந்துகொண்டிருந்தன, இனி எனக்கும் அந்தக் கட்சிக்கும் சம்பந்தமில்லை என்று. சவுக்குக்குப் பயந்து கொடுத்தவை. அச்சில் பார்த்தால் கறுப்பர்களே மனம் மாறிவிட்ட மாதிரி இருக்கும்.

சரி, அரசு என்ன செய்தது? 1871 மார்ச் கடைசியில் ஏழாவது குதிரைப்படையின் மேஜர் லூயிஸ் மெரில் யார்க்வில்லுக்கு வந்தார். ஆரம்பத்தில் அவருக்கே நம்பிக்கையில்லை, கதைகளை மிகைப்படுத்துகிறார்கள் என்றுதான் நினைத்தார். ஆனால் மனிதர் பொறுமைசாலி. வந்தவர்களை உட்காரவைத்துக் கேட்டார், தேதி, இடம், பெயர், காயம் எல்லாவற்றையும் எழுதினார், உளவாளிகளை வைத்துச் சரிபார்த்தார். 11 கொலைகள், 600-க்கும் மேற்பட்ட சவுக்கடிகளும் தாக்குதல்களும் என்று அவர் கணக்கு முடிந்தது, இந்த ஒரே கவுண்டியில். வெள்ளையரில் வயது வந்த ஆண்களில் பெரும்பாலோர் க்ளானில் இருந்தார்கள் என்ற முடிவுக்கும் வந்தார். ஜூலையில் காங்கிரஸின் துணைக் குழு ஒன்று யார்க்வில்லுக்கே வந்து சாட்சியம் கேட்டது. எலையஸ் ஹில் அங்கே வந்து நடந்ததை முழுக்கச் சொன்னார். செப்டம்பரில் உள்ளூர் நீதிமன்றம் கூடியபோது மெரில் தன்னிடமிருந்த ஆதாரங்களோடு காத்திருந்தார், ஒன்றும் நடக்கவில்லை.

காங்கிரஸ் அந்த ஏப்ரலிலேயே க்ளானை ஒடுக்க ஒரு சட்டம் போட்டிருந்தது, விசாரணையில்லாமல் காவலில் வைக்க ஜனாதிபதிக்கு அதில் அதிகாரம் இருந்தது. ஜனாதிபதி கிராண்ட் அக்டோபர் 12-ல் ஐந்து நாள் கெடு கொடுத்து, 17-ல் தென் கரோலினாவின் ஒன்பது கவுண்டிகளில் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்தினார், யார்க் அதில் ஒன்று. அட்டர்னி ஜெனரல் ஆமோஸ் ஏக்கர்மன் நேரில் யார்க்வில் வந்தார். இவர் தென்னரசுக்காகச் சீருடை போட்ட ஜார்ஜியாக்காரர், ஆனால் தோற்ற பிறகு சட்டத்தை முழு மனதோடு ஏற்றுக்கொண்டவர், அந்தத் தலைமுறையில் அப்படிப்பட்டவர்கள் அபூர்வம். மெரிலின் வீரர்கள் கைது செய்ய ஆரம்பித்ததும் யார்க்வில் சிறை நிரம்பியது. அப்புறம் நடந்ததுதான் ஆச்சரியம். ஆட்கள் தாங்களாகவே வரிசையில் வந்து சரணடைந்தார்கள், நூற்றுக்கணக்கில். என்னென்ன செய்தோம், யார் சொல்லிச் செய்தோம் என்று ஒப்புக்கொண்டார்கள். தலைவர்களாக இருந்த வியாபாரி ஜேம்ஸ் ஏவரி, டாக்டர் பிராட்டன் போன்ற வசதியுள்ளவர்கள் முன்கூட்டியே ஓடிவிட, சிறையில் மிஞ்சியது பெரும்பாலும் ஏழை வெள்ளை விவசாயிகள். எவராலும் அசைக்க முடியாது என்று எல்லோரும் நம்பிய ஓர் அமைப்பு, சில குதிரைப்படைக் குழுக்களும் ஒரு கண்டிப்பான அதிகாரியும் இருந்ததும் ஓரிரு மாதத்தில் உடைந்தது.

நவம்பர் இறுதியில் மாநிலத் தலைநகர் கொலம்பியாவில் வழக்குகள் தொடங்கின. நீதிபதிகள் ஹ்யூ பாண்ட், ஜார்ஜ் பிரையன். அரசுத் தரப்பில் டேவிட் கார்பினும் டேனியல் சேம்பர்லைனும். குற்றம்சாட்டப்பட்டவர்களுக்காக வெள்ளையர் பணம் திரட்டி இரண்டு முன்னாள் அட்டர்னி ஜெனரல்களையே கொண்டுவந்தார்கள், ரெவர்டி ஜான்சன், ஹென்றி ஸ்டான்பெரி. ஜூரியில் பெரும்பான்மை கறுப்பர்கள். ரோஸ் வில்லியம்ஸ் அந்தக் கூண்டில் ஏறித் தன் கணவருக்கு நடந்ததைச் சொன்னார்.

ஆனால் ஒரு பெரிய சிக்கல். கொலை, அடிதடி எல்லாம் மாநிலச் சட்டத்தின் கீழ் வரும் குற்றங்கள், மத்திய நீதிமன்றத்தில் அவற்றுக்காக நேரடியாகத் தண்டிக்க முடியாது. அதனால் ஜிம் வில்லியம்ஸைத் தூக்கில் போட்டவர்கள் மேல் போடப்பட்ட வழக்கு, குடிமக்களின் உரிமையைப் பறிக்கச் சதி செய்தார்கள் என்பது. ஓட்டுரிமையோடு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை, வீட்டில் அத்துமீறல் இல்லாமல் வாழும் உரிமை என்று அரசியல் சட்டத் திருத்தங்கள் தரும் எல்லாவற்றையும், குடிமக்களின் உரிமைகளை மாநிலங்கள் பறிக்கக் கூடாது என்று சொன்ன பதினான்காம் திருத்தத்தின் வழியாக உள்ளே கொண்டுவர கார்பின் முயன்றார். அது மட்டும் நிலைத்திருந்தால் அமெரிக்கச் சட்ட வரலாறே வேறு பாதையில் போயிருக்கும். நீதிபதிகள் தயங்கினார்கள், பெரும்பாலான குற்றச்சாட்டுகள் உதிர்ந்தன, ஓட்டுரிமையைத் தடுக்கச் செய்த சதி என்பதுதான் கடைசியில் நின்றது. அப்படியும் அந்தக் கூட்டத்தொடரில் ஜூரி விசாரித்த எல்லோரும் குற்றவாளி என்று தீர்ப்பானார்கள், இன்னும் பலர் தாங்களே குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். தண்டனை அதிகபட்சம் ஐந்து வருடம். ஜிம் வில்லியம்ஸ் வழக்கில் விசாரிக்கப்பட்ட ராபர்ட் ஹேஸ் மிட்செலுக்குக் கிடைத்தது 18 மாதம். சிலரை நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி சிறைக்கு அனுப்பினார்கள்.

அதோடு வேகம் குறைய ஆரம்பித்தது. ஏக்கர்மன் 1872 ஜனவரியில் பதவியை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. தென் கரோலினாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் தேங்கின, நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் போதவில்லை, காங்கிரஸ் பணம் கொடுக்கவில்லை. 1873-ல் கிராண்ட் அரசு புதிய வழக்குகளை நிறுத்தி, சிறையில் இருந்தவர்களுக்கு மன்னிப்புக் கொடுத்தது. க்ளான் ஒழிந்துவிட்டது, இனி தாராளமாக இருக்கலாம் என்று வாஷிங்டனில் கணக்குப் போட்டார்கள். யார்க்கில் அதைக் கேட்டவர்கள் வேறு கணக்குப் போட்டார்கள்: காத்திருந்தால் போதும்.

பிராட்டன் கதையிலேயே இது தெரியும். அவர் கனடாவில் ஒன்டாரியோவின் லண்டன் நகரில் ஒளிந்திருந்தார். 1872-ல் அமெரிக்க அரசின் ஆள் ஒருவர் அவரைக் கடத்தி யார்க்வில்லுக்குக் கொண்டுவந்தார், அதுவும் ஏவரி பெயரிலிருந்த வாரண்டை வைத்துக்கொண்டு. கனடா தன் ஆளுகையில் இருந்ததால் பிரிட்டன் எதிர்ப்புத் தெரிவித்ததும் விட்டுவிட வேண்டியதாயிற்று, அவர் கனடாவுக்குத் திரும்பினார். சில வருடம் கழித்து, நிலைமை மாறிய பிறகு, சாதாரணமாக ஊருக்கு வந்து மறுபடியும் மருத்துவம் பார்த்தார். ஜிம் வில்லியம்ஸ் கொலைக்காக ஒருநாள்கூட அவர் விசாரணைக்கு நிற்கவில்லை. 1897 வரை வாழ்ந்தார்.

எலையஸ் ஹில் காத்திருக்கவில்லை. இந்த ஊரில் இனி நிம்மதியாக வாழ முடியாது என்று முடிவெடுத்து, க்ளே ஹில் பகுதியிலிருந்து நூற்றறுபதுக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துக்கொண்டு, கைதுகள் தொடங்கிய அதே 1871 இலையுதிர் காலத்தில் வர்ஜீனியாவிலிருந்து 'எடித் ரோஸ்' கப்பலில் லைபீரியாவுக்குப் போய்விட்டார். ஆர்திங்டன் என்ற இடத்தில் குடியேறினார்கள். 1872-ல் அங்கே மலேரியாவில் இறந்தார். பலர் அந்த முதல் வருடங்களில் காய்ச்சலில் போனார்கள். தாக்குப்பிடித்தவர்களில் ஜூன் மூர், சாலமன் ஹில் இருவரும் காப்பி பயிரிட்டு நல்ல வியாபாரிகளானார்கள். படித்த, நிலம் வாங்கத் துணிந்த, சொந்தக் காலில் நிற்கக்கூடிய குடும்பங்களை யார்க் கவுண்டி தானே துரத்தியது. அவர்கள் அங்கேயே இருந்திருந்தால் அந்தப் பள்ளியும் சபையும் என்னவாகியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1876-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், லூசியானாவில் வெள்ளையர் கும்பல் கறுப்பர்களைக் கொன்று குவித்த கோல்ஃபாக்ஸ் படுகொலை தொடர்பான குரூக்ஷாங்க் வழக்கில், தனிமனிதர்கள் இப்படிச் செய்தால் மத்திய அரசு தலையிட முடியாது என்கிற அளவுக்குச் சட்டத்தைச் சுருக்கியது. அதே வருடத் தேர்தலில் சிவப்புச் சட்டைக்காரர்கள் என்ற வெள்ளையர் ஆயுதக் குழுவினர் முகமூடியே இல்லாமல் பகலில் துப்பாக்கியோடு திரிந்தார்கள். அப்போது ஆளுநராக இருந்தவர் 1871-ல் க்ளானை எதிர்த்து வாதாடிய அதே சேம்பர்லைன். 1877 ஏப்ரலில் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்திலிருந்து ராணுவம் விலக்கப்பட்டதும் அவர் பதவியை எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் வேட் ஹாம்ப்டனிடம் விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று. 1882-ல் எட்டுப் பெட்டிச் சட்டம் வந்தது. ஒவ்வொரு பதவிக்கும் தனித் தனி ஓட்டுப்பெட்டி, படிக்கத் தெரியாதவர் தவறான பெட்டியில் போட்டால் ஓட்டுச் செல்லாது. 1895 அரசியல் சட்டம் எழுத்தறிவுச் சோதனையும் சொத்து நிபந்தனையும், ஓட்டுப் போடக் கட்ட வேண்டிய தலைவரியும் வைத்து மிச்சத்தையும் எடுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் இந்தக் கதையைப் பெரும்பாலும் ஜெயித்தவர்கள் சொன்னார்கள்: கறுப்பர் ஆட்சியின் அராஜகம், அதை அடக்க வந்த கனவான்கள் என்று. பள்ளிப் பாடத்திலும் அதுதான் இருந்தது. அது பொய் என்று நிரூபிக்கப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. காங்கிரஸ் குழு 1872-ல் 13 தொகுதிகளாக அச்சிட்ட சாட்சியங்கள் நூலகங்களில் அப்போதே இருந்தன, அவற்றில் மூன்று தொகுதிகள் தென் கரோலினாவுக்கு மட்டும். எலையஸ் ஹில் அன்று சொன்ன சாட்சியம் அவற்றில் அப்படியே அச்சாகியிருக்கிறது. இன்று இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்.